ஏழாம் எண் பிரசங்கியார்

வாவிக்கு இரண்டு கரைகள் உண்டு, எழுவான்கரை ஒன்று, படுவான்கரை ஒன்று; அந்த இரண்டு கரைகளிலும் இருந்த இரண்டு மெதடிஸ்த ஆலயங்களில் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒன்பது மணிக்கு, சைலஸ் பிரசங்கியார் நின்று பிரசங்கம் செய்தார் என்ற கதையை அவருடைய மகன் மத்தியாஸ் நாற்பத்தெட்டு வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டே இருந்தார்.

சந்தேகத்துக்கு வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருந்தது. அவர் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவர். ஓர் எல்லைக்கல் ஓர் இடத்தில்தான் நிற்கும், இரண்டு இடத்தில் நின்றால் அளந்தவன் பிழை விட்டிருக்கிறான் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். வெளியே சொல்ல முடியாத காரணம் இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒன்பது வயது, நெருப்புக் காய்ச்சலோடு பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் வார்டில் கிடந்தார். அப்பாவால் இரண்டு இடத்தில் நிற்க முடிந்தது என்றால், அந்த இரண்டில் ஒன்று ஏன் தன் கட்டிலடியாக இருக்கவில்லை? கதை பொய்யாக இருந்தால் அப்பா கடமைக்குக் கட்டுப்பட்ட ஒரு சாதாரண மனிதர், அவரை மன்னித்துவிடலாம். கதை உண்மையாக இருந்தால் மன்னிப்பது கடினம். ஆகவே அது பொய்யாகவே இருக்கட்டும் என்று மத்தியாஸ் விரும்பினார், விரும்புவதற்காகத் தன்மீதே வெறுப்பும் கொண்டார்.

பொய்யா உண்மையா என்று கேட்பதை இனித் தள்ளிப்போட வழியில்லை. பிரசங்கியார் பிறந்து நூறு வருடமாகிறது, இரண்டு கரை ஆலயங்களும் சேர்ந்த சேகரம் நினைவு ஆராதனை வைக்கிறது, வாழ்க்கைச் சரிதத்தை மகனே வாசிக்க வேண்டும் என்று சேகரத்தின் முகாமைக் குரு கடிதம் எழுதியிருந்தார். இரண்டு கரைச் சபைகளும் வரும், அந்த ஞாயிறை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று அடியில் பேனையால் சேர்த்திருந்தார். மத்தியாஸ் பிறப்பு, ஞானஸ்நானம், உத்தியோகம், விவாகம், மரணம் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, நடுவில் அரைப்பக்கம் வெறுமையாக விட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆராதனைக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, இப்போது வாவிக்குக் குறுக்கே கட்டியிருக்கும் பாலத்தால் படுவான்கரைக்குப் போனார். அங்கே பனிச்சந்துறையில் யோபு அண்ணன் இருந்தார். அந்த ஞாயிறு அந்த ஊர் ஆலயத்தில் ஹார்மோனியம் வாசித்தவர் அவர்தான். அன்று பிரசங்க பீடத்துக்கு மூன்று முழத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவரும் அவர் ஒருவர்தான். ஒரு குறை, யோபு அண்ணன் பொய் சொல்லுவார். வாவி முதலை தன் காலைக் கடித்துவிட்டு மூன்று நாள் பல்வலியால் அழுதது என்று சொல்லுகிற மனிதர்.

யோபு அண்ணன் சொன்னதும், எழுவான்கரை விளாவடியில் பலர் சொன்னதும், அம்மா சொல்லாமல் விட்டதும் சேர்ந்த கதை இது.

சைலஸ் பிரசங்கியார் கிழமை நாட்களில் மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் மருந்தடித்தார். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, "மருந்தடிக்க வந்திரிக்கம், உள்ளுக்க வரலாமா?" என்று கேட்பார். அரசாங்கக் கடிதம் கையில் இருந்தாலும் வீட்டுக்காரர் வாங்க என்று சொல்லும்வரை படியில் கால் வைக்கமாட்டார். சொன்னபிறகு சட்டி பானைகளையும் தொட்டில் பிள்ளையையும் தானே வெளியே கொண்டுவந்து நிழலில் வைத்துவிட்டு, நாலு சுவருக்கும் மருந்தடித்து, கதவுக்குப் பின்னால் தேதியையும் தன் கையெழுத்தையும் பென்சிலால் எழுதிவிட்டு, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை வேட்டியும் நீளக்கைச் சட்டையும் போட்டு, சித்திரை வெயிலிலும் இரண்டு மணிக்கட்டுப் பொத்தான்களையும் பூட்டி, சைக்கிளில் ஏறி, திட்டம் சொன்ன ஆலயத்துக்குப் போவார். எத்தனை தரம் குளித்தாலும் அந்த மருந்து மணம் அவரைவிட்டுப் போவதில்லை. சைலஸ் பிரசங்கத்துக்கு வந்தால் பேயை விடு, நுளம்பாவது ஓடும் என்று சபையார் பகிடி பண்ணுவார்கள்.

திட்டம் என்பது ஒரு தாள். சேகரத்தில் ஆலயங்கள் ஒன்பது, குரு ஒருவர். ஆகவே மிச்ச இடங்களுக்குச் சம்பளமில்லாத உள்ளூர்ப் பிரசங்கிமார் போகவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குரு கட்டம் போட்டு, எந்த ஞாயிறு எந்த ஆலயத்துக்கு யார் என்று எண்ணால் குறித்து, ரோனியோவில் உருட்டி அனுப்புவார். குருவுக்கு எண் ஒன்று. சைலஸுக்கு எண் ஏழு. தாள் வந்துவிட்டால் அதுதான் கட்டளை. பத்தொன்பது வருடத்தில் ஏழாம் எண் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அந்த ஆவணியில் செல்வரெத்தினம் ஐயா என்ற முகாமைக் குரு ஸ்டென்சில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கொட்டாவி விட்டார் என்றும், அந்தக் கொட்டாவிக்குள் ஒன்று ஏழாகிவிட்டது என்றும் சொல்லுவார்கள். மூன்றாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி, எழுவான்கரை விளாவடிக்கு ஏழு. அதே மூன்றாம் ஞாயிறு, அதே ஒன்பது மணி, படுவான்கரை பனிச்சந்துறைக்கும் ஏழு. இரண்டுக்கும் இடையில் சைக்கிளும் தோணியும் மறுபடி சைக்கிளுமாக நாலு மணிநேரம். தன் எண்ணைத் தாளில் காணாத குரு, ஆண்டவர் தந்த ஓய்வு என்று மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். சைலஸ் தாளைச் சுவரில் ஒட்டி, விரலால் கட்டங்களைத் தடவிப் பார்த்து, மனைவி நேசம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார், இந்தமுறை கொஞ்சம் கெதியா வெளிக்கிடவேணும் என்று.

அந்தக் கிழமைதான் மகனுக்குக் காய்ச்சல் ஏறியது. சனி பின்னேரம் பிரசங்கியார் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலடியில் நின்று தலையைத் தடவினார். நாளைக்கும் வாங்க என்று மகன் கேட்டான். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பதில் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனார். மத்தியாஸ் பிறகு வாழ்ந்த வருடங்களில் எத்தனையோ பேர் அவருக்குப் பதில் சொல்லாமல் போயிருக்கிறார்கள், அவர்கள் எல்லோருடைய முதுகும் அந்த முதுகாகவே அவருக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை எழுவான்கரைத் துறையடியில் மீராசாகிபுவின் கடையில் சைலஸ் பிரசங்கியார் ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்தார். அதே நேரம் படுவான்கரைத் துறையடியில் மீராசாகிபுவின் தம்பியின் கடையிலும் ஒன்று குடித்தார். பிறகு இரண்டு ஆலயங்களுக்குள்ளும் போனார்.

நடந்தது புதன்கிழமைதான் வெளியே தெரிந்தது, ஏனென்றால் விளாவடியும் பனிச்சந்துறையும் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. பனிச்சந்துறை ஆலயம் திறந்தபோது விளாவடி தன் மணியை இரவல் கொடுத்தது, பனிச்சந்துறை அதைத் திருப்பிக் கொடுக்க மறந்தது, பிறகு மறந்ததை மறந்தது. ஆகவே செய்தியைக் கொண்டுபோனவர்கள் அண்ணன் தம்பியான தேத்தண்ணிக் கடைக்காரர்கள்தான். எங்கட கரையிலதான் குடிச்சார், இல்லை எங்கட கரையிலதான் என்று அவர்கள் தோணியில் வைத்துச் சண்டை பிடிக்க, தோணியில் இருந்த இரண்டு சபையாரும் வேறு வழியில்லாமல் வாய் திறந்தார்கள்.

அதிசயத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. கத்தோலிக்கப் பக்கத்தார், இது எங்கட புனிதர்மாருக்கு நடக்கிறதுதான், உங்களுக்கு இப்பதான் வந்திருக்கு என்றார்கள். இந்துக் கோயிலை நடத்தும் வண்ணக்கர், கூப்பிட்டால் வருகிறவன் கூப்பிட்ட இடமெல்லாம் வருவான், இதில் என்ன என்றார். இரண்டு சபையாருக்கும் இருந்த கவலை வேறு. பிரசங்கம் பாதிதான் கிடைத்திருக்கிறது என்று இரண்டு பகுதியும் முறைப்பட்டது.

விளாவடியில் பிரசங்கியார் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்குள் நோய் இருக்கிறது, வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், தட்டுகிறார், உள்ளே வரலாமா என்று கேட்கிறார், வீட்டுக்காரர்கள் தாங்கள் இல்லாததுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த இடத்தில், ஒன்பதே முக்காலுக்கு, அவர் நிறுத்தினார். கொஞ்சநேரம் நின்றார். பிறகு கடைசிப் பாட்டைக் கொடுத்துவிட்டார். பனிச்சந்துறையிலோ ஒன்பதே முக்கால்வரை பாட்டும் வாசிப்பும் நீண்ட ஜெபமுமாகவே போயிற்று. பிரசங்கத்துக்கு எழுந்தவர் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார், பிறகு, வந்தவர் இப்போது அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தொடங்கினார். வீடு கழுவிக் கிடக்கிறது, சட்டி பானை எல்லாம் எடுத்த இடத்தில் இருக்கிறது, பிள்ளை எழும்பிப் பசிக்குது என்று கேட்கிறது.

பாதி வைத்திருந்தவர்கள் மற்றப் பாதிக்காகப் பேசத்தானே வேண்டும். அடுத்த புதன்கிழமை இரண்டு சபையாரும் துறையடிக்கு வந்தார்கள், மரத்துக்குக் கீழே பாய் போட்டார்கள், விளாவடி தன் பாதியைச் சொன்னது, பனிச்சந்துறை தன் பாதியைச் சொன்னது. சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. கதவை யார் திறந்தது? ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்காரன்தான் என்றது ஒரு கட்சி, நோயாளியே எழும்பித் திறந்தான் என்றது இன்னொரு கட்சி, அது உள்ளே பூட்டவே இல்லை என்றாள் ஒரு மருத்துவிச்சி. இதைத் தீர்க்க அதற்கடுத்த புதனும் கூடினார்கள். மூன்றாம் புதன் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். மாரி தொடங்குவதற்குள் இரண்டு கரைக்கும் இடையில் இரண்டு கலியாணம் பேசியாயிற்று, மணியும் ஒரு காலாண்டு அந்தக் கரையில், ஒரு காலாண்டு இந்தக் கரையில் என்று முடிவாயிற்று. மணிக்கும் திட்டத்தில் ஓர் எண் கொடுத்தார்கள், பதினாலு. பிரசங்கியாரிடமே கேட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால், கேட்டாயிற்று, அவர் தலையை ஆட்டிவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதே பதில்.

செல்வரெத்தினம் ஐயா முதலில் தன் கொட்டாவிக்காகக் காலாண்டுக் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். பிறகு யோசித்தார். ஆலயம் ஒன்பது, பிரசங்கிமார் குறைவு. அடுத்த திட்டத்தில் ஏழாம் எண்ணைக் கொட்டாவி விடாமலே இரண்டு கட்டத்தில் போட்டார். பிரசங்கியார் இரண்டுக்கும் போனார். அதற்கடுத்ததிலும் போட்டார். இப்படி ஆறு காலாண்டு நடந்தது, சேகரம் அதற்குப் பழகிவிட்டது. இரண்டு ஊரிலும் அவருக்கு மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, ஆனாலும் பின்னேரத்தில் நேசம்மா வீட்டுக் கொடியில் இரண்டு சட்டை நனைந்து தொங்கும், ஒரே இடத்தில் ஒரே ஒட்டோடு. திங்கள் காலையில் அதில் ஒன்றுதான் இருக்கும். பிரசங்கியார்தான் மெலிந்துகொண்டு வந்தார். பீடத்தில் நிற்கும்போது பின்னால் இருக்கும் யன்னல் சட்டத்தின் கோடு அவர் தோளுக்கு ஊடாக மெல்லத் தெரிகிறது என்று பாடகர் வாங்கில் இருந்த பெண்கள் சொன்னார்கள். வெயில் அப்படி என்று ஆலயக் கணக்கைப் பார்க்கும் உக்கிராணக்காரர் சொன்னார்.

ஏழாவது காலாண்டுக் கூட்டத்துக்கு நேசம்மா வந்தாள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவது குறைவு. அவள் இளைய பிள்ளையைப் பக்கத்திலிருந்தவரின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க அவர ரெண்டாக்கிக் கோயிலுக்கே எடுத்துக்கிட்டீங்க. எடுங்க, நான் ஒண்டும் சொல்லல்ல. அவர் ரெண்டு பேரா இரிக்கிற வீட்டில ஞாயித்துக்கிழமை ஒராளும் இல்ல. எனக்கு முழு ஆள் ஒண்டு தாங்க."

செல்வரெத்தினம் ஐயா திட்டத்தை எடுத்து, பேனையால் ஏழாம் எண்களில் ஒன்றை அடித்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் யோசித்து, நாலாம் ஞாயிறுகளில் மற்றதையும் அடித்தார். அதோடு அது நின்றது. நாலாம் ஞாயிறுகளில் பிரசங்கியார் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிவந்தார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக் கரைக்குப் போனார், தோலுக்குள் மறுபடி நிறைந்தார். பதினொரு வயது மத்தியாஸ் அவர்களோடு போனான், ஆனால் பத்தடி பின்னால் நடந்தான். அப்பா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மூன்றாந்தரம் பார்க்கவில்லை. அந்தப் பத்தடியைப் பிறகு அளக்காத நாளில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றி மத்தியாஸிடம் இருந்தது கொஞ்சம்தான். அந்த ஞாயிறு காலை அம்மா குழந்தையோடு வீட்டில் இருந்தாள், மத்தியானம்தான் வந்தாள். அதற்கு முன்னால் எப்போதோ, கட்டில் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தபோது, அந்த மருந்து மணம் வந்தது. உள்ளுக்க வரலாமா என்று யாரோ கேட்டார்கள். வாங்க என்று அவன் சொன்னான். ஒரு கை நெற்றியில் இருந்தது, அவன் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான், விடவேயில்லை. பத்து மணிக்குக் காய்ச்சல் விட்டது. மத்தியானம் தாதி அவன் வலக்கை விரல்களைப் பிரித்தபோது உள்ளே ஒரு பொத்தான் இருந்தது, வெள்ளைப் பொத்தான், அதில் நீலநூல் அறுந்து தொங்கியது. வெள்ளைநூல் முடிந்ததால் அம்மா அப்பாவின் சட்டைக்கையில் நீலநூலால் தைத்த பொத்தான். நேற்று அப்பா வந்தபோது பிடுங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அவள் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஊசியை எடுக்கிற பெண், அன்று பின்னேரமே புதுப்பொத்தான் தைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலும்தான் மருந்தடிப்பார்கள், மணம் இருக்கும்தான். காய்ச்சலில் எந்தப் பிள்ளையும் கனவு காணும்தான். மத்தியாஸ் அந்தப் பொத்தானை ஒரு தீப்பெட்டியில் போட்டு, ஊர் ஊராக மாற்றலாகிப் போனபோதெல்லாம் எடுத்துப் போனார், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால், அந்தக் கனவும் கையில் இல்லாமல் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை யோபு அண்ணன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மத்தியாஸைக் கண்டதும், வாடா தம்பி, படம் கீறுறவர் படுவான்கரை எங்க இரிக்கெண்டு கண்டுபிடிச்சிட்டார் என்றார். தேத்தண்ணி வந்தது. கேட்காமலே முழுக்கதையும் வந்தது, முதலையும் இரண்டு தரம் வந்துபோனது. மத்தியாஸ் தாளை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சொல்லியாச்சு," என்றார் யோபு அண்ணன். "கதவு மட்டும் இன்னும் தெரியா. நான் போய் உங்க அப்பாட்டத்தான் கேக்கணும். இன்னும் கொஞ்ச நாள்தானே."

மத்தியாஸ் சிரித்தார். பிறகு, ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காக, இந்தச் சேகரத்தில் மட்டும் பிரசங்கிமார் ஏன் பிரசங்கத்துக்கு முன்னால் வலது சட்டைக்கையை முழங்கைவரை மடிக்கிறார்கள் என்று கேட்டார். கொழும்பில், வேறு எங்கும், அப்படி ஒரு வழக்கத்தை அவர் பார்த்ததில்லை. ஊழியம் செய்ய ஆயத்தம் என்று காட்டத்தான் அது என்று ஞாயிறு பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஊழியமும் மண்ணும்," என்றார் யோபு அண்ணன். "அது அந்த ஞாயிறுல இருந்துதான். உனக்குத் தெரியாதா? ஒன்பதே முக்காலுக்குப் பேசாம நிண்டார் எண்டு சொன்னன்தானே. நிண்டவர் சும்மா நிக்கல்ல. வலக்கையைப் பார்த்தார். யாரோ புடிச்சு இழுத்த மாதிரிக் கை கொஞ்சம் கீழ போச்சு. அப்படியே வெச்சிக்கிட்டு நிண்டார். மறுகா மேல எடுத்து, சட்டைக்கையை மடிச்சு விட்டார். கழுத்த வெட்டினாலும் மணிக்கட்டுத் தெரியக் காட்டாத மனுசன். விளாவடியிலயும் அதே நேரம் அப்படித்தான் மடிச்சவராம். அதப் பார்த்து அடுத்த கிழமை ஒருவர் மடிச்சார், மறுகா எல்லாரும் மடிச்சாங்க."

பாலத்தின்மேல் ஒரு பஸ் எழுவான்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மத்தியாஸ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், திறந்தார், பொத்தானை யோபு அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். நீலநூல் இன்னும் அதில் இருந்தது. கிழவர் அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அண்ணன், முதலையை விடுங்க, இத மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க," என்றார் மத்தியாஸ். "அண்டைக்கு அவர் ஆராதனை தொடங்கேக்க அந்தக் கைப்பொத்தான் பூட்டியிருந்ததா? இருந்ததெண்டா, மடிக்கிறதுக்கு முன்னால அத அவர் கழட்டினத நீங்க கண்டீங்களா?"